அறுநூறு அடியில் எர்த்து

வியாழக்கிழமை சாயங்காலம். நாகஸ்வரக்காரர் ஒரு நீண்ட இழுப்பை முடித்து, அடுத்த மூச்சை எடுப்பதற்கு முன்னால் விடுகிற அந்த ஒரு விநாடி இடைவெளியில், காளியண்ணன் கண்ணைத் திறந்துவிட்டார். ஸ்பீக்கருக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு 'ஊம்' என்று முனகுகிற சத்தம் கேட்டது.

"வசந்தா, மிக்சி போட்டிருக்கறயா?"

"இல்லீங்க," என்றாள் அவர் மனைவி வசந்தாமணி, அடுப்படியிலிருந்து.

"ஃபிரிட்ஜு?"

"அது எப்பவும் ஓடறதுதானுங்களே."

"செத்த அமத்து."

ஃபிரிட்ஜ் நின்றது. 'ஊம்' நிற்கவில்லை. காளியண்ணன் எழுந்து ஹால் ஃபேனை நிறுத்தினார், டியூப் லைட்டை நிறுத்தினார், இன்வெர்ட்டரையும் நிறுத்தினார். வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று ஆனதும் அந்த 'ஊம்', மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல நடு ஹாலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றாள் வசந்தாமணி. "யாரோ சாமி கும்புடற மாதிரி இருக்குது."

காளியண்ணனுக்கு அழுகை வராத குறை.

அவர் அழுவதில் நியாயம் இருந்தது. பத்தொன்பதாவது வயதில் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஏறியவர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஆந்திரா என்று இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் நிலத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தவர். கம்ப்ரெசர் லாரி பக்கத்திலேயே சாப்பாடு, பக்கத்திலேயே தூக்கம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவர் கண்ட கனவு பணத்தைப் பற்றியது அல்ல. சத்தமே இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு நாகஸ்வரத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு ரிக் வாங்கி, அதை ஓட்ட ஆள் வைத்து, சங்ககிரி ரோட்டில் வீடு கட்டி, நாலு வருஷத்துக்கு முன்னால் ஹாலுக்குத் தடித்த திரையும் ஜமுக்காளமும் போட்டு, ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தியபோது அந்தக் கனவு பலித்தது. தினமும் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை கண்ணை மூடி உட்காருவார். பத்து நிமிஷத்தில் ஆள் வேறெங்கோ போய்விடுவார். அது ஒரு வெள்ளை வெளி. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வந்து எதிரில் உட்காரும், எழுந்து போகும். ஒன்று போய் இன்னொன்று வருவதற்கு நடுவே ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் அவர் இவ்வளவும் வாங்கியது. இப்போது அதற்குள் யாரோ புகுந்து முனகுகிறார்கள்.

சேலத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் கிறிஸ்துராஜுக்குப் போன் போட்டார். காளியண்ணன் வீட்டு செட்டை மாட்டிக் கொடுத்தது அவர்தான். சுற்றுப்பட்ட சர்ச்சுகளில் பாதிக்கு மைக் செட் அமைத்தவர்.

"ப்ளேயர் ஒரு மூலை, பவர் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு மூலை, நடுவுல இருபத்தஞ்சு அடி சாதா வயர். வீட்டுல இருக்கற கரண்டு சத்தத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கிட்டுத்தான் வரும் சார்," என்றார் கிறிஸ்துராஜ்.

"நேத்து வரைக்கும் உறிஞ்சலீங்களே?"

"வயருக்கும் வயசாகும் சார். பேலன்ஸ்டு கனெக்ஷன் இருக்கற ப்ரீ-ஆம்ப்புக்கு மாறிடுங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க."

மறுநாள் கடையில் ஒரு மர ஸ்டூலில் காளியண்ணனை உட்காரவைத்துப் பாடம் நடந்தது. ப்ரீ-ஆம்ப் என்பது ஒரு தரகர் மாதிரி என்றார் கிறிஸ்துராஜ். ப்ளேயரிலிருந்து வருகிற சின்னக் குரலை வாங்கி, அளவு பார்த்து, பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கும். அதுவரை காளியண்ணனுக்குப் புரிந்தது.

"பேலன்ஸ்டுன்னா?"

"ஒரே பாட்டை ரெண்டு கம்பியில அனுப்பறது. ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. போற வழியில சேர்ற சத்தம் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஒட்டும். அந்தப் பக்கம் போனதும் தலைகீழா வந்ததைத் திருப்பி நிமிர்த்திடுவாங்க. பாட்டும் பாட்டும் ஒண்ணாச் சேர்ந்துக்கும். சத்தமும் சத்தமும் எதிர் எதிரா மோதி செத்துடும்."

காளியண்ணன் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப நம்ம ஊடு மாதிரின்னு சொல்லுங்க. நான் நேராச் சொன்னா அவ தலைகீழாச் சொல்லுவா."

"கடைசியில?"

"கடைசியில நிமிர்த்தறது அவதான்."

கிறிஸ்துராஜ் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி முகம் கொண்டது. குமிழைத் திருகினால் வெண்ணெயில் விரல் போவது போல வழுவழுவென்று சுற்றியது. இன்னொன்று வால்வு வைத்தது. தலையில் நாலு கண்ணாடிக் குழாய்கள். இரண்டுக்கும் பின்பக்கம் மூன்று முள் சாக்கெட்டுகள் இருந்தன.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் கேளுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எது வேணும்னு சொல்லிடுங்க. ஈரோட்டுல ஒரு டாக்டர் மிச்சத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கார்."

இரண்டையும் காரின் பின் சீட்டில் கைக்குழந்தைகளைப் போலப் படுக்கவைத்து, சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தார் காளியண்ணன்.

சனிக்கிழமை வெள்ளிப் பெட்டியை மாட்டினார். 'ஊம்' போகவில்லை. அதோடு கூட இன்னொருத்தனைச் சேர்த்துக்கொண்டு வந்து 'ஊய்ம்' என்றது.

"அதைக் கொஞ்சம் திறந்து படம் எடுத்து அனுப்புங்க," என்றார் கிறிஸ்துராஜ் போனில். அனுப்பியதும் அவரே திரும்பக் கூப்பிட்டார். "என்னைய மன்னிச்சுடுங்க சார். வெளியில மூணு முள் சாக்கெட்டு வெச்சிருக்கான், உள்ளுக்குள்ள பழைய ஒத்தை வழிதான். நானே ஏமாந்துட்டேன். வால்வைப் போடுங்க, அது நிஜம்."

ஞாயிற்றுக்கிழமை வால்வுப் பெட்டி ஏறியது. காளியண்ணன் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தார். நாலு குழாய்களும் மெல்லச் சிவந்து, மாலை நேரத்து மஞ்சளுக்கு வந்து நின்றன. காப்பி கொண்டுவந்த வசந்தாமணி அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"பாட்டுப் போடாட்டியும் பரவால்லீங்க. இதையே பாத்துட்டு ஒக்காந்துக்கலாம்," என்றாள்.

நாகஸ்வரம் ஆரம்பித்தது. இதுவரை அது ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. இன்று அந்த மனிதர் ஜமுக்காளத்தின் ஓரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. காளியண்ணன் வெள்ளை வெளிக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் ஸ்வரம் வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது. அடுத்தது வருவதற்குள் பழைய ஆசாமி வந்துவிட்டான். வால்வில் அவன் குரலும் கனிந்து இனிமையாக இருந்ததுதான் கொடுமை.

எழுந்துபோய்ப் பெட்டியைத் தடவினார். விரலில் எறும்பு ஊர்வது போலச் சுருசுருவென்றது. கிறிஸ்துராஜிடம் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"சார், அப்ப பேலன்ஸ்டு மேல குத்தம் இல்ல. வழியில சேர்ற சத்தத்தைத்தான் அது கொல்லும். பெட்டியிலயே கரண்டு கசிஞ்சா அது என்ன பண்ணும்? எர்த்தைப் பாருங்க. செட்டு மாட்டின அன்னிக்கே எர்த்து பத்தி அரை மணி நேரம் சொன்னேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க, அக்கா ஒருத்தர்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

திங்கட்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் வேலுசாமி வந்தான். அந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவிட்சுக்கும் அவன்தான் வைத்தியன். ஹாலில் நின்று டெஸ்டரை இங்கே வைத்தான், அங்கே வைத்தான், அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"எர்த்து செத்துப் போச்சுங்ணா."

"புதுசா போட்டுரு."

"போட்டுரலாமுங்ணா. எட்டடி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப்பு நடலாம். ஆனா நம்ம மண்ணு எப்படிக் காஞ்சு கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஈரம் இல்லாத எடத்துல எர்த்து நிக்காதுங்ணா. மறுபடியும் ஒரு மாசத்துல ஊம்முனு ஆரம்பிச்சுரும்."

"தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தினா?"

"ஊத்தறதுக்குத் தண்ணி எங்கீங்க இருக்குது?" என்றாள் வசந்தாமணி காப்பியை நீட்டிக்கொண்டே. "டேங்கர்காரன் ஒண்ணுவிட்டு ஒரு நாள் வாரான். குடிக்கறதுக்கே காணல, இதுல எர்த்து வேற குடிக்குமாக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஈரம் இருக்கற எடம் வரைக்கும் போவோணுமுங்ணா," என்றான் வேலுசாமி.

"அது எவ்வளவு ஆழம்?"

"அதை நான் உங்களுக்குச் சொல்றதுங்களாண்ணா?"

காளியண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ராஜஸ்தானிலிருந்து சர்வீசுக்கு வந்திருந்த அவருடைய சொந்த ரிக் லாரி, காம்பவுண்டுக்கு வெளியே கழுவி நிறுத்தியிருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடப்பாரையை எடுத்திருப்பான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு மாநிலத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்த காளியண்ணனின் வீட்டில் போர் கிடையாது. குடி வந்த நாளிலிருந்து வசந்தாமணி கேட்காத நாள் இல்லை. அவர் பதில் சொல்லாத நாளும் இல்லை. "ரிக்குக்காரன் ஊட்டுல போட்ட போர் பொய்யாப் போச்சுன்னா, அப்பறம் எவன் என்னை நம்பி வண்டியைக் கூப்புடுவான்?" என்பார். அந்தப் பகுதியில் பாதிப் போர் தண்ணீர் வராமல் புகைதான் விடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பன்னிரண்டு வருஷமாக டேங்கர் வந்தது. வசந்தாமணி குழாயைப் பிடித்துத் தொட்டி நிரப்பினாள். அவருடைய பெயர் கெடாமல் இருந்தது.

ஆனால் எர்த்துக்கு அந்தப் பயம் இல்லை. எர்த்தில் தண்ணீர் வராவிட்டால் யார் சிரிக்கப் போகிறார்கள்? இந்த யோசனை வந்ததும் காளியண்ணனின் முகம் தெளிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ரிக் வண்டி காம்பவுண்டுக்குள் நுழைந்தது. வண்டியை ஓட்டுகிறவர் சின்னுசாமி, அவரோடு இருபது வருஷமாக இருக்கிற டிரில்லர்.

"ஏனுங்ணா, ஊட்டுக்குப் போர் போடறமுங்களா?"

"போர் இல்ல சின்னு. எர்த்து."

"எர்த்துங்களா."

"ஆமா. பாட்டுப் பொட்டிக்கு."

"எத்தனை அடிங்க?"

"ஈரம் வர்ற வரைக்கும்."

சின்னுசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார். "இதைத்தானுங்ணா நாம இத்தனை வருசமா போருன்னு சொல்லிட்டிருந்தோம்," என்றார்.

எங்கே இறக்குவது என்ற கேள்வி வந்தது. ஹால் ஜன்னலை ஒட்டி இறக்கினால் வயர் மிச்சம் என்றார் காளியண்ணன். வசந்தாமணி ஈசான மூலைக்கு நடந்துபோய், ஒரு இடத்தில் கால் கட்டைவிரலால் கோடு போட்டாள்.

"இங்க போடுங்க. ஜன்னலுகிட்டப் போட்டா ஊடு பூராச் சேறாயிரும்."

"எர்த்துல எங்கிருந்து சேறு வரும்?" என்றார் காளியண்ணன். ஆனாலும் அவள் சொன்ன இடத்துக்கே வண்டி போனது. பூஜை வேண்டாம், இது போர் இல்லையே என்று அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போது, தட்டில் தேங்காய், பழம், எலுமிச்சை, கற்பூரம் எல்லாம் தயாராக வந்து நின்றது. சின்னுசாமி கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறிவிட்டார்.

கம்ப்ரெசர் முழங்கியது. இருபத்தெட்டு வருஷமாக எந்தச் சத்தத்திலிருந்து ஓடி வந்தாரோ, அதை அவரே கூட்டிவந்து ஹாலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. வால்வுப் பெட்டிக்குத் தூசி படக்கூடாது என்று அதன்மேல் வசந்தாமணியின் இளம்பிள்ளைப் பட்டுச் சேலையை எடுத்துப் போர்த்தினார். அதற்கும் அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். "போருங்களா?" "இல்லீங்க, எர்த்து." பத்து மணிக்குள் காளியண்ணன் வீட்டில் புதுவிதமாக எர்த்து போடுகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, முடிந்தால் தன் வீட்டுக்கும் ஒரு எர்த்து போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

நூறடிக்கு வெள்ளைத் தூசி. இருநூறு, முந்நூறுக்குக் கறுப்புத் தூசி. நானூறில் புகை. ஐநூறிலும் புகை. சின்னுசாமி கையால் சைகை காட்டி, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். இதே இடத்தில் இது போராக இருந்திருந்தால் காளியண்ணனுக்கு வியர்த்திருக்கும். எர்த்து என்பதால் நிம்மதியாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இன்னும் அஞ்சு ராடு எறக்கு," என்றார்.

ஐநூற்று எண்பதில் தூசி ஈரமானது. காற்றில் மண் வாசம் வந்தது. காளியண்ணன் எழுந்து நின்றார். அறுநூறில் குழியின் வாயிலிருந்து கலங்கலாக ஒன்று புரண்டு, பிறகு வெளுத்து, ஆள் உயரத்துக்கு மேலே எழும்பிப் பொழிந்தது. வேலையாட்கள் எல்லாரும் நனைந்தார்கள். காளியண்ணனும் நனைந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய கம்ப்ரெசர் சத்தத்துக்கு நடுவே அவர் வெள்ளை வெளிக்குப் போய்விட்டார். அங்கே அன்று மழை.

சின்னுசாமி எஞ்சினை நிறுத்தியபோது தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. வசந்தாமணி சேற்றில் இறங்கி வந்து, இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினாள். பிறகு இன்னொரு முறை அள்ளிக் குடித்தாள். அவள் அழுகிறாளா, தண்ணீரா என்று அவருக்குத் தெரியவில்லை. தான் போட்ட ஆயிரக்கணக்கான போர்களில் எதிலும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. எதற்காகத் தோண்டினோம் என்பதே அரை மணி நேரம் மறந்து போயிருந்தது.

"இனிக்குங்க," என்றாள் வசந்தாமணி.

"எர்த்துத் தண்ணி," என்றார் சின்னுசாமி.

சாயங்காலம் வேலுசாமி வந்து, குழியின் வாயில் இறக்கியிருந்த கேசிங் பைப்பில் தடித்த செம்பு வயரை முறுக்கிக் கட்டி, சுவரோரமாக இழுத்து மெயின் போர்டில் சேர்த்தான். "அறுநூறு அடி எர்த்துங்ணா. கவர்ன்மென்ட் ஆபீசுல கூட இது இருக்காது," என்றான். சொல்லும்போது ஏனோ காளியண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை.

காளியண்ணன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கோயிலுக்குப் போகிறவர் போல ஹாலுக்குள் போனார். பட்டுச் சேலையை எடுத்து மடித்து வைத்தார். வால்வுகள் சிவந்தன. அவர் கண்ணை மூடினார்.

"ஊம்."

புதன்கிழமை மோட்டார் இறங்கியது. தண்ணீர் வந்த வீட்டில் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று வசந்தாமணி கேட்டதும் அவரே போய் வாங்கிவந்தார். மோட்டார் ஓடத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஒரு உதை விழுந்தது, நிற்கும்போது இன்னொன்று. தெருப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். ஐந்து மணி முதல் ஏழு மணி வரை காம்பவுண்டுக்குள் பிளாஸ்டிக் குடங்களின் வரிசையும், அதில் யார் முந்தி என்கிற வழக்கும் நடந்தன.

"வேற நேரத்துல வரச் சொல்லக் கூடாதா?"

"சனங்க தறிக்குப் போயிட்டு அப்பத்தானுங்க வருது. பன்னெண்டு வருசமா அவங்க ஊட்டுலதான் நான் அவசரத்துக்கு ஒரு கொடம் வாங்கினேன். இப்ப எப்புடிங்க மாட்டேங்கறது?"

அது சரிதான். காளியண்ணன் திரையை இன்னொரு மடிப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய வெள்ளை வெளியில் இப்போது 'ஊம்' ஆசாமியோடு ஆறேழு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

சனிக்கிழமை கிறிஸ்துராஜ் நேரிலேயே வந்துவிட்டார். கக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வெளிச்சம் இல்லை, அழகு இல்லை, ஒரே ஒரு குமிழ்.

"இது என் கையால கட்டினது சார். விக்கறதுக்கு இல்ல, எனக்காகக் கட்டினேன். தலை முதல் கால் வரைக்கும் பேலன்ஸ்டு. இதுலயும் சத்தம் வந்தா நான் கடையை மூடிடறேன்."

மாட்டினார்கள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கறுப்புப் பெட்டி தன் சுபாவப்படி அடக்கமாக, ஒழுங்காக, "ஊம்" என்றது.

கிறிஸ்துராஜ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எர்த்து?" என்று ஒரு வார்த்தை கேட்டார். காளியண்ணன் அவரை வெளியே கூட்டிப்போய், ஈசான மூலையில் நின்ற கேசிங் பைப்பையும், அதில் கட்டிய செம்பு வயரையும், வரிசையில் நின்ற குடங்களையும் காட்டினார். கிறிஸ்துராஜ் குனிந்து செம்பு வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை அடி?"

"அறுநூறு."

"அப்ப எர்த்தைப் பத்திப் பேசவே வேண்டாம் சார். இதைவிட எர்த்து யாராலயும் குடுக்க முடியாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு இதுக்கு மேல தெரியல. நாளைக்கு டாக்டருக்குப் பதில் சொல்லணும். எந்தப் பெட்டியை வெச்சுக்கறீங்க?"

"காலையில சொல்றேனுங்க," என்றார் காளியண்ணன்.

கிறிஸ்துராஜ் தன் கறுப்புப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். கடையை மூடுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. காளியண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். வசந்தாமணி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தர்றேன் வசந்தா."

"எந்தப் பொட்டிங்க?"

"பொட்டி மூணையும். ஆம்ப்ளிஃபயரு, ஸ்பீக்கரு, ப்ளேயரு எல்லாத்தையும். வண்டி அனுப்பச் சொல்லியிருக்கேன். ஹாலை நீயே வெச்சுக்க. சோபா போட்டு, சொந்தக்காரங்க வந்தா ஒக்கார வெய்யி."

கத்தி நின்றது. "எல்லாத்தையுமேங்களா?"

"எல்லாத்தையும். எனக்குச் சத்தம்தான் எழுதி வெச்சிருக்குது. ஒரு நாலு வருசம் அது இல்லாம இருந்தேன், அது போதும். மனசு என்னமோ பண்ணுது, சரியாப் போயிரும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வசந்தாமணி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வேகமாகப் போனாள்.

காளியண்ணன் ஹாலுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பின்னால், திரைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, தரையில் படுத்துக்கொண்டார். ஒவ்வொரு வயராகக் கழற்ற வேண்டும். முதல் மூன்று முள் பிளக்கைக் கையில் பிடித்தார். பிடுங்க மனம் வரவில்லை. வெளியே மோட்டார் ஓடியது. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் கனமாக இருந்து, தொட்டி நிறைய நிறைய மெலிந்து மேலே ஏறியது. நல்ல சத்தம்தான் என்று நினைத்தார். தரை குளிர்ந்து கிடந்தது. வாங்கின ஒவ்வொரு வயரையும் அவர் எப்படித் தேடித் தேடி வாங்கினார் என்று நினைவு வந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வெள்ளை வெளியில் ஆட்கள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தமும், கருவிப் பையைத் தரையில் வைக்கும் சத்தமும் கேட்டன. பின்னாலேயே வசந்தாமணியின் வளையல் சத்தம். திரைக்குப் பின்னால் ஆள் படுத்திருப்பது இருவருக்கும் தெரியவில்லை. சுவரில் பிளக் பாயின்ட்டுக்கு நேராக வந்து குத்தவைத்து உட்கார்ந்தான் வேலுசாமி.

"ஏனுங்கக்கா, அதான் தண்ணி வந்துருச்சுங்கல்ல, போன வாரம் நீங்க கழட்டி உடச் சொன்ன எர்த்து வயரை மறுபடியும் மாட்டிரட்டுங்களா?"